மீன்தொட்டியில் கைவிட்ட பிறகு விரலில் ஆறாத கட்டி

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன், வயது 44. மூன்றடித் தொட்டியில் ஃபிளவர்ஹார்ன் மீன் வளர்க்கிறேன். தினமும் கையாலேயே தீனி கொடுப்பேன். இரண்டு மாதத்துக்கு முன் தொட்டியைக் கழுவும்போது கல் கிழித்து ஆள்காட்டி விரலில் சின்னக் காயம். அது ஆறி, மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் சிவப்பாக ஒரு கட்டி வந்தது. பத்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் குறையவில்லை. இப்போது முன்கையிலும் இரண்டு முடிச்சுகள். வலியும் காய்ச்சலும் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். மீனைக் கொடுத்துவிட வேண்டுமா? ஆறு வயது மகளும் தீனி போடுகிறாள்.

பதில்: உங்களுக்குக் கட்டி வந்த விதத்தைப் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமியை. காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவு இது. மீன்தொட்டித் தண்ணீரில் வாழும், தோலில் உள்ள கீறல் வழியாக நுழையும். கட்டி தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம், சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும். அதற்குள் காயமே மறந்துபோவதால், தொட்டிக்கும் கட்டிக்கும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நன்றாக வளரும் கிருமி என்பதால் உடம்பின் உட்பகுதியை விடக் குளிர்ச்சியான விரல்களிலும் கையிலும் தங்குகிறது. நிணநீர்க் குழாய் வழியே மேலேறும்போது முன்கையில் வரிசையாக முடிச்சுகள் வரும்.

தோல் மருத்துவரைப் பார்த்ததும் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "வீட்டில் மீன்தொட்டி இருக்கிறது, காயத்தோடு அதில் கைவிட்டேன்." இதைச் சொல்லாவிட்டால் மாதக்கணக்கில் வேறு வேறு மருந்துகள் மாறிக்கொண்டே இருக்கும். கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்புவார்கள். கல்ச்சரை 30 டிகிரியை ஒட்டி வைக்கும்படி சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். வழக்கமான 37 டிகிரியில் இந்தக் கிருமி வளராமல் போய், முடிவு 'ஒன்றுமில்லை' என்று வரலாம். முழு முடிவுக்கு ஆறு வாரம் வரைகூட ஆகும். காசநோயைக் கண்டுபிடிக்கும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனை இதைக் காட்டாது. காசநோய்க்காகத் தோலில் போட்டுப் பார்க்கும் மான்டூ ஊசியோ, அந்த நோய் இல்லாமலே பாசிடிவ் ஆகலாம். செம்பூரிலிருந்து சயான் மருத்துவமனை பக்கம்தான், அங்கே தோல் பிரிவு உண்டு.

உறுதியானால் கிளாரித்ரோமைசினோடு எதாம்புடால் அல்லது ரிஃபாம்பிசின் சேர்த்துத் தருவது வழக்கம். சிறிய கட்டி ஒன்று மட்டும் என்றால் டாக்ஸிசைக்ளின் போன்ற ஒரே மருந்து போதுமானதாக இருக்கலாம். பொதுவாக மூன்று நான்கு மாதம் ஆகும். கட்டி மறைந்த பிறகும் ஒன்றிரண்டு மாதம் தொடர வேண்டும், நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும். உங்களுக்குக் குறிப்பாக ஒன்று: ரிஃபாம்பிசின் பல சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும், கிளாரித்ரோமைசின் சிலவற்றோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவாதீர்கள், கிருமி ஆழமாகப் பரவ அதுவே வழிவிடும். விரல் வீங்கி மடக்க முடியாமல் போனால் தசைநாணோ மூட்டோ பாதிக்கப்பட்டிருக்கலாம், அன்றே போய்க் காட்டுங்கள்.

மீனைக் கொடுக்க வேண்டாம். ஆனால் கட்டி முழுதாக ஆறும்வரை தொட்டியில் உங்கள் கை படவே கூடாது, வேறு ஒருவர் முழங்கை வரை நீளும் ரப்பர் கையுறை போட்டுக் கழுவட்டும். மீன் மெலிந்து வயிறு ஒட்டிப்போனாலோ, முதுகு வளைந்தாலோ, உடம்பில் புண் வந்தாலோ அதற்கும் இதே வகைக் கிருமி இருக்கக்கூடும்.

கையால் தீனி கொடுப்பது தன்னளவில் ஆபத்தில்லை. வெடிப்பும் கீறலும் உள்ள தோல்தான் ஆபத்து. ஃபிளவர்ஹார்ன் கடிக்கிற மீன் வேறு. சர்க்கரை நோயாளியான உங்களுக்கு, ஆறிய பிறகும் நீளமான பிளாஸ்டிக் இடுக்கியைத்தான் பரிந்துரைப்பேன். கைவிடத்தான் வேண்டுமென்றால் முன்னதாக வெறும் தண்ணீரில் கழுவுங்கள். சோப்பு, சானிடைசர், கொசுக் களிம்பு ஒட்டியிருந்தால் மீனுக்குக் கெடுதல். ஹீட்டர், பம்பு, விளக்கு எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டுக் கைவிடுங்கள். வெளியே எடுத்ததும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுத் தேயுங்கள். மீனைக் கையால் தூக்காதீர்கள், உடம்பின் வழுவழுப்புப் பூச்சு உரிந்து அதற்கு நோய் தொற்றும். வலையோ வாளியோ போதும். குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கவே கூடாது. ஃபில்டர் பஞ்சைச் சமையலறைத் தொட்டியில் அலசாதீர்கள்.

மகளுக்கு உங்களிடமிருந்து இது தொற்றாது. அவள் குச்சித் தீனியை மேலிருந்து போடலாம், பிறகு சோப்பால் கை கழுவ வேண்டும். தொட்டி கழுவும் வேலை மட்டும் வேண்டாம். காய்ந்த பிளட்வார்ம் (சிவப்புப் புழுத் தீனி) கொடுக்கும்போது அவளுக்குத் தும்மல், கண் அரிப்பு, மூச்சிரைப்பு வந்தால் அந்தத் தீனியை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். அதன் தூள் பலருக்கு ஒவ்வாமை உண்டாக்குவது.