ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: 2024-ல் பிரெஞ்சு கால்பந்து ஆட்டக்காரர் எம்பாப்பே, பாரிஸின் பிஎஸ்ஜி கிளப்பை விட்டு ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். கோடிகோடியாகக் கொட்டி அவரை வாங்கிய கிளப்புக்கு டிரான்ஸ்ஃபர் தொகையாக (புதிய கிளப் பழைய கிளப்புக்குக் கட்டும் பணம்) சல்லிக்காசுகூட வரவில்லை. இது துரோகம் இல்லையா?

பதில்: கோபம் நியாயம்தான், ஆனால் தப்பான ஆள்மேல் பாய்கிறது. டிரான்ஸ்ஃபர் தொகை ஆட்டக்காரருக்கான விலை அல்ல. மிச்சமிருக்கும் ஒப்பந்தக் காலத்துக்கான விலை. 2017-ல் பிரேசில் ஆட்டக்காரர் நெய்மாருக்காக பார்சிலோனாவுக்குக் கிடைத்த 22.2 கோடி யூரோ, அவருடைய ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்த விடுவிப்புத் தொகை, அதாவது ஒப்பந்தம் முடியுமுன்பே அவரை விடுவிக்கக் கட்ட வேண்டிய பணம். ஒப்பந்தமே முடிந்துவிட்டால் விற்க கிளப் கையில் என்ன இருக்கிறது?

முன்பெல்லாம் இருந்தது, அதுதான் கொடுமை. ஒப்பந்தம் முடிந்த பிறகும், ஆட்டக்காரரை விட பழைய கிளப் பணம் கேட்கலாம். பெல்ஜியத்தின் ஜான் மார்க் போஸ்மனுக்கு 1990-ல் லியேஜ் கிளப்போடு ஒப்பந்தம் முடிந்தது. மாதம் 1,20,000 பிராங்க் வாங்கியவரிடம், இனி 30,000 தருகிறோம், இருந்துகொள் என்றார்கள். பிரான்ஸின் டன்கெர்க் கிளப்புக்குப் போக நினைத்தார். அவர்களால் பணம் கட்ட முடியுமா என்று சந்தேகப்பட்டு, லியேஜ் அவரை விடவில்லை. சம்பளத்தையும் வெட்டுவார்களாம், போகவும் விடமாட்டார்களாம்! வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய், ஒப்பந்தம் முடிந்தவருக்கு அப்படிப் பணம் கேட்கக் கூடாது என்று 1995 டிசம்பர் 15-ல் அவர் பக்கம் தீர்ப்பானது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துவிட்டது. பலனை அனுபவித்ததெல்லாம் பின்னால் வந்தவர்கள்.

அமெரிக்க பேஸ்பாலிலும் இதே கதைதான். தன்னைக் கேட்காமல் வேறு அணிக்கு மாற்றியதை எதிர்த்த ஆட்டக்காரர் கர்ட் ஃப்ளட், 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 1975-ல் ஒரு மத்தியஸ்தரின் தீர்ப்புதான் கதவைத் திறந்தது. ஆனாலும் அங்கே ஒப்பந்தம் முடிந்த கையோடு எல்லோரும் கிளம்பிவிட முடியாது. பொதுவாக, பெரிய லீகில் ஆறு ஆண்டு ஆடியிருந்தால்தான் அந்தச் சுதந்திரம்.

இன்னொன்று: இப்படித் தொகையில்லாமல் கிளப் மாறுவதை ‘இலவசம்’ என்பதும் பெயருக்குத்தான். பழைய கிளப்புக்குப் போகாத பணத்தில் பெரும்பங்கு, கையெழுத்துத் தொகையாகவும் சம்பளமாகவும் ஆட்டக்காரருக்கும் அவருடைய ஏஜென்டுக்கும் போய்விடுகிறது. புதிய கிளப் ஒன்றும் சும்மா அள்ளிக்கொண்டு போவதில்லை.

கேள்வி கேட்க வேண்டியது கிளப் நிர்வாகத்தைத்தான். ஒப்பந்தத்தில் ஓரிரு ஆண்டு மிச்சமிருக்கும்போதே நீட்டிக்க வேண்டும். ஆட்டக்காரர் மசியவில்லையென்றால் விற்றுவிட வேண்டும். ஜூனில் முடியும் ஒப்பந்தம் என்றால், ஜனவரியிலேயே வெளிநாட்டு கிளப்போடு பேசி அவர் கையெழுத்துப் போட்டுவிடலாம். அதற்குப் பிறகு நிர்வாகம் பதறி என்ன பயன்?