கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: கிரேக்கர்களுக்கு ஏதீனா, ரோமர்களுக்கு மினர்வா, நமக்கு சரஸ்வதி. உலகம் முழுக்க அறிவைப் பெண் தெய்வமாகத்தான் வணங்கியிருக்கிறார்கள். அப்படியானால் அந்தக் காலத்தில் கல்வியில் பெண்களுக்கு எவ்வளவு உயர்ந்த இடம் இருந்திருக்க வேண்டும்! என் பேத்தியின் பள்ளிக் கட்டுரைப் போட்டிக்காக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கருத்து தேவை.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கும்பகோணம்)

பதில்: முதலில் ‘உலகம் முழுக்க’ என்பதை அடித்துவிடுங்கள். எகிப்தியருக்கு எழுத்தைக் கொடுத்தவர் தோத். பாபிலோனில் எழுத்தர்களின் தெய்வம் நபு. வட ஐரோப்பாவின் ஓடின் ஒரு கண்ணையே கொடுத்து ஞானம் வாங்கியவர். எல்லாரும் ஆண்கள். அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் கடிதத்தின் உச்சியிலேயே பிள்ளையார் சுழி இருக்கிறது.

இனி ஏதீனா. அவள் பிறந்த கதையைப் பேத்திக்குச் சொன்னீர்களா? கிரேக்கத் தெய்வங்களின் அரசர் ஜீயஸ். அவருடைய முதல் மனைவி மேடிஸ். அந்தப் பெயருக்கே சாதுரியம், சமயோசித புத்தி என்றுதான் பொருள். அவளுக்குப் பிறக்கப்போகும் மகன் தகப்பனை வீழ்த்துவான் என்று எச்சரிக்கை வருகிறது. உடனே ஜீயஸ் கர்ப்பிணி மனைவியை அப்படியே விழுங்கிவிடுகிறார். பிறகு அவருடைய தலையிலிருந்து ஏதீனா வெளியே வருகிறாள், கையில் ஆயுதத்தோடு. மேடிஸ் என்ன ஆனாள்? வயிற்றுக்குள் இருந்தபடியே கணவனுக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொண்டிருந்தாள் என்கிறார் பழங்கவி ஹெசியட். யோசனை மனைவியுடையது, பெயர் கணவனுடையது. கும்பகோணத்தில் இதற்கு விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

கி.மு. 458இல் ஏதென்ஸில் அரங்கேறிய ஈஸ்கிலஸின் நாடகத்தில், தாயைக் கொன்ற மகனுக்கு நீதி சொல்ல ஏதீனா வருகிறாள். வாக்கைப் போடுமுன் காரணமும் சொல்கிறாள்: என்னைப் பெற்ற தாய் என்று எவளும் இல்லை, கல்யாணம் ஒன்று நீங்கலாக எல்லாவற்றிலும் நான் ஆண் பக்கமே. மகன் விடுதலையாகிறான். வயிற்றுக்குள் இருந்த மேடிஸின் காதில் இது விழுந்திருக்குமா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அந்த ஊருக்கு ஏதீனாவின் பெயர் வந்த கதை இதைவிடக் கசப்பானது. ரோமானிய அறிஞர் வார்ரோ சொன்னதாகக் கிறிஸ்தவ அறிஞர் அகுஸ்தீன் எழுதிவைத்திருக்கிறார். ஏதீனா ஒலிவ மரத்தைக் கொடுத்தாள், கடல் தெய்வம் பொசைடன் தண்ணீரைக் கொடுத்தார். யார் பெயரை வைப்பது என்று ஊர் கூடி வாக்கெடுத்தது. அப்போது பெண்களுக்கும் வாக்கு இருந்ததாம். ஆண்கள் எல்லாரும் பொசைடனுக்கு, பெண்கள் எல்லாரும் ஏதீனாவுக்கு. பெண்கள் பக்கம் ஒரு தலை அதிகம், ஏதீனா ஜெயித்தாள். கோபத்தில் பொசைடன் கடலைப் பொங்க வைத்தார். அவரைச் சமாதானப்படுத்த ஆண்கள் மூன்று தண்டனைகளைக் கண்டுபிடித்தார்கள்: இனிமேல் பெண்களுக்கு வாக்கு கிடையாது, எந்தப் பிள்ளைக்கும் தாயின் பெயர் கிடையாது, பெண்களை ஏதென்ஸ்காரிகள் என்று அழைக்கவும் கூடாது. புராணம்தான், நடந்த சம்பவம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் புராணம் எதற்கு நியாயம் சொல்லப் பிறந்தது என்பது தெரிகிறது அல்லவா? அறிவுத் தெய்வத்தைப் பெண்கள் ஜெயிக்க வைத்தார்கள். அபராதத்தையும் அவர்களே கட்டினார்கள்.

ஏதென்ஸின் சட்டம் வேறு கதை சொல்லவில்லை. ஒரு மெடிம்னோஸ் வாற்கோதுமை, அதாவது சுமார் 52 லிட்டர், அதன் விலைக்கு மேல் ஒரு பெண் எந்த ஒப்பந்தமும் செய்ய முடியாது. அதற்கு மேல் போனால் தகப்பனோ கணவனோ மகனோ வர வேண்டும். அதே ஊரில், மலை மேல், சிற்பி ஃபிடியாஸ் செய்த ஏதீனா தந்தத்திலும் தங்கத்திலும் சுமார் 12 மீட்டர் உயரத்துக்கு நின்றாள். அவள் மேல் இருந்த தங்கம் 40 டாலன்ட், ஏறக்குறைய ஒரு டன். ஸ்பார்ட்டாவோடு போர் மூளும் நேரத்தில் ஏதென்ஸின் தலைவர் பெரிக்கிளிஸ் நகரத்தின் கையிருப்பைக் கணக்குச் சொல்லும்போது அதையும் சேர்த்துக்கொள்கிறார். கழற்றுகிற மாதிரிதான் செய்திருக்கிறது, வேறு வழியில்லை என்றால் எடுத்துச் செலவழிக்கலாம், பிறகு திருப்பி வைத்துவிட வேண்டும் என்கிறார். வீட்டுக்காரம்மாவின் நகையை அடகுக் கடைக்கு எடுத்துப் போகும்போது நாம் சொல்கிற அதே வசனம்.

அப்படியானால் இந்தத் தெய்வங்கள் நமக்கு ஒன்றுமே சொல்வதில்லையா? சொல்கின்றன. பெண்ணா ஆணா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

தங்கச் சிலை கிடக்கட்டும். ஏதென்ஸில் அதைவிடப் பழைய, ஒலிவ மரத்தாலான ஏதீனா இருந்தாள். பெரிய திருவிழாவின்போது பெண்கள் மாதக்கணக்கில் நெய்த ஆடை போய்ச் சேர்ந்தது அந்த மரச்சிலைக்குத்தான். அவள் தறிக்கும் தெய்வம், தச்சனுக்கும் தெய்வம். ரோமில் மினர்வாவின் விழா மார்ச் 19ஆம் தேதி தொடங்கும். நெசவாளி, சாயக்காரர், செருப்புத் தைப்பவர், தச்சர், வைத்தியர், வாத்தியார் எல்லாரும் கும்பிட வேண்டும் என்று கவிஞர் ஓவிட் பட்டியலே போடுகிறார். வாத்தியாருக்கு மாணவர்கள் தட்சிணை கொடுக்கிற வழக்கமும் அவள் பெயரில்தான். ‘கிரேக்கர்களின் சரஸ்வதி’ என்று நீங்கள் எழுதியிருந்தால் அந்த வரியை வெட்டாதீர்கள், இடத்தை மட்டும் மாற்றுங்கள். புத்தகம் அடுக்கிய பூஜை அறைக்கு அல்ல, அதே நாளில் கடைசல் இயந்திரத்துக்குக் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைக்கிற பட்டறைக்கு.

தேதியோடு கிடைத்திருக்கும் மிகப் பழைய சரஸ்வதி சிற்பம் மதுராவிலிருந்து வந்தது. இப்போது லக்னோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.பி. 132 என்று கணக்கிடுகிறார்கள். தலை உடைந்துபோய்விட்டது. குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள், கையில் சுவடி, வீணை இல்லை. அது சமணர்களின் சரஸ்வதி. பீடத்துக் கல்வெட்டின்படி அதைச் செய்வித்துக் கொடுத்தவர் இரும்படிக்கும் கொல்லர். பண்டிதர் அல்ல, பட்டறைக்காரர்.

எனக்கு இவர்கள் எல்லாரையும்விடப் பிடித்தவள், இன்றைய ஈராக்கில் இருந்த பழைய சுமேரியாவின் நிசபா. அவள் தானியத்துக்கும் தெய்வம், எழுத்துக்கும் தெய்வம். இரண்டும் ஏன் ஒருத்தியிடம் என்று குழம்ப வேண்டாம். கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் கடைசியில் ஊருக் நகரத்துக் களிமண் பலகைகளில் எழுதியது கவிதை அல்ல. இத்தனை படி வாற்கோதுமை வந்தது, இத்தனை குடம் பீர் போனது என்ற களஞ்சியக் கணக்கு. கணக்குப்பிள்ளையின் தேவையில் பிறந்ததுதான் எழுத்து. அவள் பெயரை எழுதும் குறியே ஒரு கதிர். பாடசாலையில் பையன்கள் பலகையை எழுதி முடித்து, அடியில் ‘நிசபாவுக்குப் புகழ்’ என்று போடுவார்கள். பெண் எழுத்தர்களும் இருந்தார்கள், மறைக்கவில்லை. சிப்பர் நகரத்தில் கோயிலைச் சார்ந்து வாழ்ந்த பெண்களுக்கு நிலமும் கொடுக்கல் வாங்கலும் இருந்தன. பத்திரம் எழுத ஆள் வேண்டும், எழுதினார்கள். தெய்வம் பெண் என்பதால் அல்ல, சொத்து கையில் இருந்ததால். பின்னால் எழுதுகோல் நபுவிடம் போய்விட்டது.

நம்மிடமும் அப்படி ஒருத்தி உண்டு. மணிமேகலையில் மதுரைச் சிந்தாதேவி. கலைமகள்தான். நள்ளிரவில், பசித்து வந்தவர்களுக்குப் போடச் சோறில்லாமல் தவிக்கிற ஆபுத்திரன் முன்னால் தோன்றுகிறாள். அவள் நீட்டியது ஓலைச்சுவடி அல்ல. எடுக்க எடுக்கக் குறையாத சோற்றுப் பாத்திரம்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா கிரேக்கத் தெய்வத்தின் கோயில் என்று கட்டுரையில் வந்துவிட வேண்டாம். சோபியா என்றால் ஞானம், அங்கே குறிக்கப்படுவது கிறிஸ்து. சோபியா என்ற புனிதையின் பெயரில் எழுந்த தேவாலயமும் அல்ல அது. ஒலிம்பஸ் மலையில் அந்தப் பெயரில் யாரும் குடியிருக்கவும் இல்லை.

கடைசியாக, போட்டி உங்கள் பேத்திக்கு. கடிதத்தில் ‘எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்று இருக்கிறது. பேனாவை அவளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வயலுக்கோ வாக்கிங்குக்கோ கிளம்புங்கள். பரிசு வந்தால் அவள் பெயரிலேயே எங்களுக்கு எழுதச் சொல்லுங்கள், போடுகிறோம்.