காற்றின் கணக்கு தவறினால் ஐடிலிங் தடுமாறும்

கேள்வி: என்னுடையது பழைய ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டர்போ பெட்ரோல். காற்றை வெளியே விடும் புளோ-ஆஃப் வால்வும், எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டரும் மாட்டியதிலிருந்து ஐடிலிங் 600க்கும் 1,000க்கும் இடையே ஏறி இறங்குகிறது. சிக்னலில் கிளட்ச் மிதித்தால் அணைந்தே விடுகிறது. ஏன்?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதல் சந்தேகம் வால்வின் மேல்தான். இந்த எஞ்சினில் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அளந்த காற்றுக்கு ஏற்ப எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோல் விடுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அந்தக் காற்றைப் புது வால்வு வெளியே கொட்டிவிடுகிறது. பெட்ரோல் மட்டும் மிஞ்சி எஞ்சின் அணைகிறது. ஐடிலிங்கில் நடப்பது நேர் எதிர். ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் மேனிஃபோல்டு வேக்குவம் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில் உண்டாகும் உறிஞ்சல்) வால்வைத் திறந்துவிடும். அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்து ஆர்பிஎம் ஆடும்.

காற்றை வெளியே விடாமல் டர்போவுக்கு முன்னால் திருப்பிவிடும் பழைய டைவர்ட்டர் வால்வை மாட்டி ஓட்டிப் பாருங்கள். சரியானால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். வெறும் சத்தத்துக்காக இந்த வால்வு தேவையே இல்லை.

சரியாகவில்லையா? எஞ்சின் சூடான பின் ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பாருங்கள். ஐடிலிங்கில் +10 சதவீதத்துக்கு மேல் இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் எங்கோ காற்று கசிகிறது. புகையைச் செலுத்திக் கசிவைக் கண்டுபிடிக்கும் ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அழுத்தம் 1 பிஎஸ்ஐ போதும். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் உள்ள பிசிவி ஹோஸ்கள் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மீண்டும் இன்டேக்குக்கு அனுப்பும் குழாய்கள்) வயதானால் நொறுங்கும், அவற்றை விட்டுவிடாதீர்கள். ஆர்பிஎம் ஏறியும் டிரிம் குறையாவிட்டால் ஃபில்டர் எண்ணெய் மாஃப் சென்சாரில் படிந்திருக்கலாம். அதற்கென உள்ள ஸ்பிரேயால் மட்டும் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். கார்புரேட்டர் கிளீனர் அடித்தால் சென்சார் கெட்டுவிடும்.

கடைசியாக, இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப் நிலையில் த்ராட்டில் பாடி அடாப்டேஷன் (த்ராட்டிலின் நிலையை ஈசியூவுக்கு மீண்டும் பழக்குவது) செய்துவிடுங்கள்.