வாங்குமுன் கேளுங்கள்: பின்சில்லு பிரேக்

மாரி வெள்ளம் வற்றியதும் வன்னியில் இரண்டு சத்தங்கள் கேட்கத் தொடங்கும். ஒன்று அறுவடை மெஷின், மற்றது பிரேக். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இரண்டாவது சத்தத்தைப் பற்றியவை. சுருக்கித் தருகிறேன்.

என் காரில் பின்சில்லுக்கும் டிஸ்க் பிரேக். கராஜில் கூலி கட்டுபடியாகவில்லை. முன்சில்லுப் பாட்களை ஒரு தடவை நானே மாற்றியிருக்கிறேன். பின்பக்கத்தையும் மாற்றலாமா? என்ன சாமான் வாங்க வேண்டும்?
ஆசிரியர், கிளிநொச்சி

மாற்றலாம். ஆனால் முன்சில்லு அனுபவம் பின்சில்லில் உங்களைக் கவிழ்க்கும். என்னைக் கவிழ்த்திருக்கிறது.

பாட்களை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் பகுதி கலிப்பர், அதற்குள் இருந்து பாட்டைத் தள்ளும் உருளை பிஸ்டன். முன்பக்கக் கலிப்பரின் பிஸ்டனை ஜி கிளாம்ப் என்ற திருகுப்பிடியை வைத்து இறுக்கினால் உள்ளே போய்விடும். பல கார்களில் பின்பக்கத்துப் பிஸ்டன் அப்படிப் போகாது. ஹான்ட் பிரேக் கேபிள் அந்தக் கலிப்பரிலேயே வந்து பூட்டியிருந்தால், உள்ளே புரி வைத்த தண்டு ஒன்று இருக்கிறது. பிஸ்டனைத் திருகித் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பிஸ்டனின் முகத்தில் வெட்டுகளோ குழிகளோ இருந்தால் அது திருகும் வகை என்று பெரும்பாலும் கொள்ளலாம். பெரும்பாலும் வலப்பக்கமாகத் திருக வேண்டும். சில கார்களில் ஒரு சில்லுக்கு மாத்திரம் எதிர்ப்பக்கம். ஹான்ட் பிரேக்குக்கு டிஸ்க்கின் உள்ளே தனியாகச் சிறிய ட்ரம் பிரேக் இருந்தால், பிஸ்டன் தள்ளினாலே உள்ளே போகும்.

இதெல்லாம் தெரியாத காலத்தில் நான் கிளாம்பைப் போட்டு “இன்னும் கொஞ்சம்” என்று இறுக்கினேன். உள்ளே ‘டக்’ என்றது. திருகும் கருவியை வாங்காமல் மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கை அந்தக் கலிப்பருக்குக் கொடுத்தேன்.

ஆகவே முதலில் அந்தக் கருவி. அடுத்தது உயர்த்திய காரைத் தாங்க இரண்டு ஸ்டான்ட். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துகிறவர்கள் எனக்கு எழுத வேண்டாம். வன்னி முற்றத்து மணலில் காரை உயர்த்தும் ஜக் ஒரு பக்கமாகப் புதையும், கீழே தடித்த பலகை வையுங்கள். இந்த வேலைக்கு ஹான்ட் பிரேக்கை விடுவித்தாக வேண்டும் என்பதால், காரை ஓடாமல் பிடித்திருப்பது பெரும்பாலும் முன்சில்லுக்குக் கொடுக்கும் கட்டைதான். அதை ஒழுங்காகக் கொடுங்கள்.

கலிப்பர் வழுக்கி ஓடும் ஊசிகளுக்குப் பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கன் கிறீஸ் வாங்குங்கள். சாதாரண கிறீஸ் றப்பரை ஊத வைத்துவிடும். கழற்றிய கலிப்பரை அதற்குப் பிரேக் ஒயில் வரும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். பிஸ்டன் உள்ளே போகும்போது மேலே பொனட்டுக்குள் இருக்கும் பிரேக் ஒயில் டாங்கியில் ஒயில் உயரும். வழிந்து பெயின்ரில் பட்டால் பெயின்ரைத் தின்றுவிடும்.

எல்லாம் பூட்டியதும் முதல் மிதியில் பெடல் தரை வரைக்கும் போகும். இறுகும் வரை மிதித்த பிறகே காரை எடுங்கள். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் இதை மறந்து நேரே மாட்டுக்கொட்டிலுக்குப் போனார். மாடு தப்பியது, வேலி தப்பவில்லை.

வேகன் ஆருக்குப் பின்சில்லுப் பாட் வவுனியாவில் மலிவா, யாழ்ப்பாணத்தில் மலிவா?
ஓமந்தை

உங்கள் காரின் பின்சில்லில் இருப்பது ட்ரம். அதற்குப் பாட் கிடையாது, ட்ரம்முக்கு உள்ளே உரசும் லைனர்தான். ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கலாம்.

ஒரு சில்லில் மாத்திரம்தான் தேய்ந்திருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மாத்திரம் பாதி விலையில் தருவார்களா?
புதுக்குடியிருப்பு

செருப்பு வாங்கும்போதும் இப்படித்தான் கேட்பீர்களா? இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். ஒரு சில்லில் மாத்திரம் தேய்ந்தது ஏன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கிரவல் புழுதியும் வெள்ளத் தண்ணீரும் போய் அந்தப் பக்கத்து ஊசி இறுகியிருக்கும். அதைத் துப்புரவாக்காமல் புதிதைப் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

என் கணவர் இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றும் வாகனத்தை நானே ஓட்டுகிறேன். “ஒரிஜினல்” என்று சொல்லி விலை கூட வாங்கினார்கள். இரண்டு மாதத்தில் பின்சில்லில் இரும்பு உரசும் சத்தம். கழற்றினால், தேயும் பகுதி தகட்டிலிருந்து பாளமாகக் கழன்றிருந்தது. கடைக்காரர் “பூட்டியவன் பிழை” என்கிறார். பில் இல்லை.
மல்லாவி

அம்மா, பிழை உங்களுடையது அல்ல. பாட் தேயலாம், கீச்சிடலாம். தகட்டை விட்டுப் பாளமாகக் கழரக்கூடாது. பிரேக் விடாமல் பிடித்து அளவுக்கு மிஞ்சிச் சூடேறினாலொழிய, பூட்டியவரின் பிழையால் இரண்டு மாதத்தில் பசை விடாது. துண்டுகளை எறியாதீர்கள். பெட்டியையும் தகட்டையும் படம் எடுத்து வையுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் அதிகபட்சம் ஒரு மாதம்தான் இருக்கிறது, இந்த வாரமே எழுதுங்கள். பில் இல்லை என்பதற்காகப் பின்வாங்க வேண்டாம். வாங்கிய திகதி, கொடுத்த தொகை, கூட இருந்தவர், கடைக்காரரோடு பேசிய தொலைபேசிப் பதிவு எல்லாவற்றையும் குறித்துக் கொடுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு சொல். ஒரு சொல்லோடு நிற்க மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த “ஒரிஜினல்” என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக் கார்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் இருந்த காரையே ஒட்டுப்போட்டு ஓட்டினோம், உதிரிப்பாகக் கடைகளில் “ஒரிஜினலா, யப்பானா, தாய்லாந்தா, சைனாவா?” என்ற கேள்விக்குத் தலையாட்டவும் பழகிக்கொண்டோம். கார்க் கொம்பனிகள் பெரும்பாலும் பாட்களைத் தாங்களே செய்வதில்லை. உதிரிப்பாகக் கொம்பனி செய்து கொடுப்பதைத் தங்கள் பெட்டியில் போடுகின்றன. ஆகவே நாட்டின் பெயர் ஒன்றையும் சொல்லாது. பெட்டியோ அச்சகத்தில் பிறப்பது. நானே ஒருமுறை பெட்டியின் மினுமினுப்பைப் பார்த்து வாங்கி ஏமாந்திருக்கிறேன். வீட்டில் வந்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் கொம்பனியின் பெயரிலேயே ஓர் எழுத்து குறைந்திருந்தது தெரிந்தது.

கடையில் கேட்க வேண்டியது வேறு. காரின் பெயரைச் சொல்லாமல், காரின் உடம்பில் பொறித்திருக்கும் சசி இலக்கத்தைக் கொடுத்து, அதற்குரிய பாக இலக்கத்தைக் கேளுங்கள். பெட்டியில் உள்ள இலக்கமும் தகட்டில் உள்ள இலக்கமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பல பாட்களின் விளிம்பில் கொம்பனிக் குறியும் கடைசியில் எஃப்எஃப், ஜிஎஃப் போன்ற இரண்டு எழுத்துகளும் இருக்கும். முதலெழுத்து சாதாரணச் சூட்டில் உராயும் அளவு, இரண்டாவது நன்றாகச் சூடேறியபின் உள்ள அளவு. எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஈ அதற்குக் கீழே. இது தரச் சான்று அல்ல. ஆனால் விளிம்பில் ஒரு கீறல் எழுத்துக்கூட இல்லாத பாட்களை யார் செய்தார் என்று யாரும் பொறுப்பேற்கப் போவதில்லை.

பிறகு பில். கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் கிறுக்கித் தரும் தொகை பில் ஆகாது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தந்தாக வேண்டும். கேட்டால்! நாங்கள்தான் கேட்பதில்லை. “தெரிந்த கடை, கேட்டால் மனம் நோகும்” என்கிறோம். அந்தச் சீட்டில் பாக இலக்கத்தையும் “ஒரிஜினல்” என்ற வார்த்தையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். சொன்ன விவரத்துக்கு ஒத்த பொருளைத்தான் விற்க வேண்டும் என்று 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. வாயால் ஒரிஜினல் என்றவர் பேனாவை எடுத்ததும் “தாய்லாந்து” என்று எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் கொரொல்லாவுக்கு என்று பாட் அனுப்பினார். பொருந்தவில்லை. அராவிப் போடலாமா?
பரந்தன்

கூடாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் அங்கே ஓடும் கொரொல்லாவும் யப்பானிலிருந்து இங்கே வந்த கொரொல்லாவும் வேறு வேறு உடம்பு. மச்சானுக்கு நன்றி சொல்லிவிட்டு, அடுத்த தடவை சசி இலக்கத்தை அனுப்புங்கள்.

என் கார் வெசெல் ஹைபிரிட். ஹான்ட் பிரேக் பொத்தானில். வீட்டில் செய்யலாமா?
முல்லைத்தீவு

உங்களுக்கு வேண்டாம் என்பேன். பொத்தானை அழுத்தினால் ஹான்ட் பிரேக்கை இறுக்கும் மோட்டரை, பாட் மாற்றுவதற்கென்று பின்வாங்கி நிற்கும் சேவை நிலைக்குக் கொண்டுவராமல் பிஸ்டனைத் தள்ளினால் மோட்டர் போகும். சில ஹைபிரிட் கார்களில் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் இயங்கத் தொடங்கும். கலிப்பர் கழன்றிருக்கும் நேரத்தில் அது பிஸ்டனை வெளியே தள்ளிவிடும். கூலியைக் கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

போன வருடம் திறந்த பிரேக் ஒயில் அரைப் போத்தல் இருக்கிறது.
நெடுங்கேணி

காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். காரில் ஊற்றாதீர்கள்.

பின்சில்லில் 2 மில்லிமீற்றர் மிச்சம். நெல் விற்ற காசு வந்ததும் மாற்ற யோசனை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் ஓடுகிறேன். தாங்குமா?
விவசாயி, துணுக்காய்

காசுக் கஷ்டம் புரிகிறது ஐயா. ஆனால் 3 மில்லிமீற்றரிலேயே மாற்றியிருக்க வேண்டும். அந்த 2 மில்லிமீற்றரைச் சில்லின் இடைவெளியால் எட்டிப் பார்த்துத்தானே சொல்கிறீர்கள்? அங்கே தெரிவது வெளிப்பக்கம். உட்பக்கம் அதைவிட வேகமாகத் தேய்வது வழக்கம், அது இரும்பைத் தொட்டிருக்கவும் கூடும். தொட்டிருந்தால் டிஸ்க்கும் போகும், செலவு இரட்டிக்கும். சில்லைக் கழற்றி உட்பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை ஏ-9 வீதிப் பக்கம், அதுவும் மாடுகள் படுத்திருக்கும் இரவு நேரத்தில், காரை எடுக்க வேண்டாம்.