காயலான் கடைக்கு போடறதுக்கு முன்னாடி

கேள்வி: அண்ணா, நான் வியாசர்பாடி. வேலை பாத்த ஆபீஸ காலி பண்றப்ப ஒரு பழைய ரேக் சர்வர் (ஸ்டாண்ட்ல சொருகி வெக்கற ஆபீஸ் கம்ப்யூட்டர்), 24 போர்ட் நெட்வொர்க் சுவிட்ச், ரெண்டு வைஃபை ரவுட்டர் எல்லாத்தையும் என்னையே எடுத்துக்க சொல்லிட்டாங்க. இடத்த அடைக்குது, காயலான் கடையில போடுன்னு அம்மா சொல்றாங்க. எனக்கு மனசு வரல. வீட்ல ஏதாவது பண்ணலாமா?

பதில்: தாராளமா பண்ணலாம் தம்பி, ஆனா சர்வர 24 மணி நேரமும் ஓடவிடணும்ங்கற ஆசைய மட்டும் விட்டுடுங்க. சும்மா ஆன்ல இருக்கறதுக்கே 150 வாட் இழுக்குதுன்னு வைங்க, ஒரு நாளைக்கு 3.6 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 216 யூனிட் ஆச்சு, கவர்மெண்ட் தர்ற இலவச யூனிட் ஏற்கனவே ஃபேன் ஃப்ரிட்ஜுக்கே போயிருக்கும், மொத்தம் 500 யூனிட்ட தாண்டிட்டா ரேட் ஸ்லாப்பே மாறிடும், அம்மா கரண்ட் பில்ல பாத்தாங்கன்னா அன்னைக்கே அது தெருவுக்கு வந்துடும். சத்தமும் அப்படித்தான், சின்ன ரூம்ல வெச்சா தூங்க முடியாது, மே மாசத்துல அந்த சூடு வேற. அதனால அத படிக்கறதுக்கு வெச்சுக்கங்க. ப்ராக்ஸ்மாக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம், அத போட்டு நாலஞ்சு விர்ச்சுவல் மிஷின் (ஒரே கம்ப்யூட்டருக்குள்ள தனித்தனி கம்ப்யூட்டர் மாதிரி ஓடறது) ஓட்டி லினக்ஸ் பழகுங்க, சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு ஆஃப் பண்ணிடுங்க. கோச்சிங் சென்டர்ல காசு கட்டி கத்துக்கறத வீட்லயே உடைச்சு போட்டு கத்துக்கலாம், எனக்கு இதுதான் பெருசா தெரியுது.

உடனே உபயோகம்னா ரவுட்டர்தான். மாடி ரூம்ல சிக்னல் வரலையா, பழைய ரவுட்டருக்குள்ள போய் டிஎச்சிபிய (ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நெட்வொர்க் நம்பர் குடுக்கற வேலை) ஆஃப் பண்ணுங்க, அதோட ஐபி நம்பர மெயின் ரவுட்டரோட மோதாத மாதிரி மாத்துங்க, மெயின் ரவுட்டரோட லேன் போர்ட்லேர்ந்து இதோட லேன் போர்ட்டுக்கு கேபிள் இழுங்க (இன்டர்நெட் லைன் வர்ற வேன், அதாவது WAN, போர்ட்ல சொருகிட்டுதான் பாதி பேர் வேலை செய்யலன்னு எனக்கு எழுதறாங்க), வைஃபை பேரும் பாஸ்வேர்டும் ரெண்டுலயும் ஒண்ணா வைங்க, முடிஞ்சுது. கேட் 5இ (Cat 5e) நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், கரண்ட் ஒயரோட சேத்து மட்டும் கட்டாதீங்க. 24 போர்ட் சுவிட்ச் வீட்டுக்கு தேவைப்படாது, அதையும் படிக்க வெச்சுக்கங்க. சர்வர்ல இருக்கறது சாஸ் (SAS, சர்வருக்குன்னே வர்ற வகை) டிஸ்க்கா இருந்தா வீட்டு கம்ப்யூட்டர்ல சேராது, ரேமும் பெரும்பாலும் அப்படித்தான், கழட்டறதுக்கு முன்னாடி லேபிள பாருங்க.

கேள்வி: திருவொற்றியூர்லேர்ந்து எழுதறேன். ஆபீஸ்ல மிஞ்சின பழைய டிஸ்க், யுபிஎஸ் பேட்டரி, கேபிள் கட்டு எல்லாம் இருக்கு, என்ன பண்றது?

பதில்: டிஸ்க்க முழுசா வைப் பண்ணாம (உள்ள இருக்கறத திரும்ப எடுக்க முடியாத மாதிரி அழிக்காம) யாருக்கும் குடுக்காதீங்க, டெலீட் பண்ணா மட்டும் ஃபைல் போயிடாது. பேட்டரி வாங்குற கடையிலயே பழசுக்கு எக்ஸ்சேஞ்ச் ரேட் தருவாங்க, உள்ள ஈயமும் ஆசிடும் இருக்கு, வீட்ல உடைக்க வேணாம். கேபிள காப்பருக்காக எரிக்கறவங்ககிட்ட மட்டும் தயவுசெஞ்சு குடுக்காதீங்க, அந்த பிவிசி புகைய மூச்சுல இழுக்கறது நம்ம ஏரியா புள்ளைங்கதான். அங்கீகாரம் இருக்கற இ-வேஸ்ட் ரீசைக்ளர்கிட்ட குடுங்க, மாசு கட்டுப்பாட்டு வாரிய வெப்சைட்ல அவங்க லிஸ்ட் இருக்கு.