பேரே ஆளைப் படுக்க வைத்தால்?

கேள்வி: அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று போட்டிருந்தது. அதைப் படித்ததிலிருந்து "இனி அவ்வளவுதான்" என்று சுருண்டு கிடக்கிறார். எப்படித் தேற்றுவது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்தப் பேர் யாரைத்தான் படுக்க வைக்காது! மாற்றலாமே என்று டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் மங்கிபாக்ஸ் என்ற நோயின் பேரை எம்பாக்ஸ் என்று மாற்றியது, ஹார்ட் ஃபெயிலியர் மட்டும் அப்படியே நிற்கிறது. சரி, அப்பாவிடம் சொல்லுங்கள்: இதயம் நின்றுவிடவில்லை, உடம்புக்குத் தேவையான ரத்தத்தைத் தள்ளத் திணறுகிறது. எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் ஈ.எஃப்., அதாவது ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 35 சதவீதம் என்றிருந்தால் மீதி 65 போச்சு என்று கணக்குப் போட்டிருப்பார் (பலரும் போடுவார்கள்). நல்ல இதயமே ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே நிறைந்த ரத்தத்தில் ஏறக்குறைய 50 முதல் 70 சதவீதம்தான் வெளியே தள்ளும், 100 யாருக்கும் கிடையாது. அதற்காக ஒன்றுமே இல்லை என்று பொய் சொல்லாதீர்கள், அப்புறம் மாத்திரையை நிறுத்திவிடுவார். உப்பு அதிகமுள்ள ஊறுகாய், அப்பளம், கருவாடு குறையட்டும். உடம்பில் நீர் சேர்கிறதா என்று தெரிய, தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு நடக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.