ஹெலிகாப்டருக்குள் ஒரு பெரணி: கடிதம்

அன்புள்ள ஐயா,

தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, இப்போது கல்லூரியில் தாவரவியல் முதலாண்டு படிக்கிறேன். டெரிடோஃபைட் (பெரணி வகைத் தாவரம்), மானோகாட்டிலீடன் (ஒருவித்திலைத் தாவரம்) போன்ற நெடுஞ்சொற்களைப் பொருள் பார்த்துப் பிரிக்குமாறு பேராசிரியர் சொல்கிறார். ஆங்கில அகராதியோ வேறு இடங்களில் புள்ளி வைத்துப் பிரிக்கிறது. எதைப் பின்பற்றுவது?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

இரண்டுமே சரி. பத்தாம் குறளின் இறுதியில் 'அடிசேரா தார்' என்று சீர் பிரிவதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். பொருள்படி அது 'அடி சேராதார்'. ஓசைக்காகச் சொல்லின் நடுவே வெட்டு விழுகிறது. யாப்பிலக்கணம் வகையுளி என்று அழைக்கும் இதைத்தான் ஆங்கில அகராதியும் ஏறத்தாழச் செய்கிறது.

பெரணியைக் குறிக்கும் 'ப்டெரிஸ்', தாவரத்தைக் குறிக்கும் 'ஃபைட்டான்' என்னும் கிரேக்கச் சொற்கள் சேர்ந்ததே டெரிடோஃபைட் என்பதால், பொருள்படி அது 'ப்டெரிடோ + ஃபைட்' எனப் பிரியும். அமெரிக்க முறையில் ஒலிக்கும்போது அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறது. அழுத்தம் பெற்ற அந்தக் குறில் உயிரெழுத்து அடுத்துள்ள மெய்யையும் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால், அகராதியில் 'டெ-ரிட்-ஒ-ஃபைட்' என்று காண்கிறீர்கள். சொல்லின் தொடக்கத்தில் 'ப்ட்' என்று இரு மெய்கள் சேர்ந்து வருவதை ஆங்கில நாக்கு ஏற்பதில்லை. ஆகவே பகரம் எழுத்தில் மட்டும் நிற்கிறது. ஹெலிகாப்டரிலும் 'ப்டெரிஸ்' என்பதற்கு உறவான, இறகையும் சிறகையும் குறிக்கும் 'ப்டெரான்' என்ற சொல்லே இருக்கிறது. பொருள்படி அது 'ஹெலிகோ + ப்டர்'. அங்கே அந்த மெய்கள் சொல்லின் நடுவில் வருவதால், பகரம் முன்னசையோடு ஒட்டி 'காப்' என்று ஒலித்துவிடுகிறது. ('ஹெலி' என்பதைத் தனிச்சொல்லாக வெட்டி 'ஹெலிபேட்' செய்தவர்கள் வகையுளியையே பதப்பிரிப்பாக எடுத்துக்கொண்டவர்கள்!)

நமக்கு உண்மையில் இடறுவது அழுத்தம்தான். தமிழில் அது பொருளை மாற்றுவதில்லை என்பதால் எல்லா அசைகளையும் ஒரே எடையில் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஃபோட்டோசிந்தசிஸ் (ஒளிச்சேர்க்கை) என்பதில் 'சின்' மேல் விழும் அழுத்தம், ஃபோட்டோசிந்தெட்டிக் என்றானதும் 'தெட்' மேல் நகர்கிறது. மானோகாட்டிலீடனில் 'லீ' மேல் விழுகிறது. இதைப் பொருட்பிரிப்பு ஒருநாளும் காட்டாது. வாய்விட்டுச் சொல்ல அகராதியே வேண்டும்.

நினைவில் நிறுத்துவதற்குப் பேராசிரியர் சொன்ன வழியே நல்லது. 1948இல் சீனத் தாவரவியலாளர் இருவர் பெயரிட்ட மெட்டாசெக்வோயா கிளிப்டோஸ்ட்ரோபாய்டிஸ் என்ற மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆய்டிஸ்' என்றால் 'போன்ற' என்று தெரிந்துவிட்டால், இரண்டாம் சொல் 'கிளிப்டோஸ்ட்ரோபஸ் மரத்தைப் போன்றது' என்று தானே பிரிந்துவிடும்.

அன்புடன்.